ஆளுக்கு எவ்வளவு என்ற கணக்கு: ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் ஓர் உள்ளாட்சிச் சீர்திருத்தம்

2008 ஜூலை 1-ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் நார்தர்ன் டெரிட்டரியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன ஊர்க் கவுன்சில்கள் ஒரே நாளில் கலைக்கப்பட்டன. அவற்றின் இடத்தில் ‘ஷைர்’ என்ற பெயரில் எட்டுப் பெரிய உள்ளாட்சிகள் வந்தன. சின்னது தாங்காது, பெரிதாக்கினால் செலவு குறையும், நிர்வாகம் நிமிரும் என்பதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வாதத்துக்குள் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்தக் கட்டுரை அந்தப் பிழையைப் பற்றியது.

முதலில் இடத்தைக் கொஞ்சம் அறிமுகப்படுத்திவிடுகிறேன். அந்த எட்டில் ஒன்று மெக்டோனல் ஷைர். பரப்பளவு சுமார் 2,68,000 சதுர கிலோமீட்டர். அதாவது பிரிட்டன் முழுவதையும் விடப் பெரிய உள்ளாட்சி. மக்கள்தொகை ஆறேழு ஆயிரம். அவர்களில் பெரும்பாலோர் அபாரிஜினல் என்று சொல்லப்படும் மண்ணின் பூர்வகுடிகள். சொல்லிக்கொள்ளும்படியான ஊர்கள் 13. ஆளையும் நிலத்தையும் வகுத்துப் பார்த்தால் ஒரு மனிதருக்கு ஏறக்குறைய 40 சதுர கிலோமீட்டர் வரும்.

இதன் தலைமை அலுவலகம் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்தில் இருக்கிறது. அந்த நகரத்துக்குத் தனி நகராட்சி உண்டு, ஆக அந்த இடம் ஷைரின் எல்லைக்குள்ளேயே வராது. வடக்கே உள்ள சென்ட்ரல் டெசர்ட் ஷைரின் தலைமையகமும் அதே ஆலிஸ் ஸ்பிரிங்ஸில்தான். மூன்றாவது ஓர் ஊரில் உட்கார்ந்துகொண்டு இரண்டு உள்ளாட்சிகள் தங்கள் பாலைவனத்தை ஆண்டன. மேற்குக் கோடியில் இருக்கும் கின்டோர் என்ற ஊர் அங்கிருந்து சுமார் 530 கிலோமீட்டர். பெரும்பகுதி மண் சாலை. மழை பெய்தால் அதுவும் கிடையாது.

பழைய கவுன்சில்கள் நன்றாகவா இருந்தன?

இல்லை. இதை முதலிலேயே ஒத்துக்கொள்ள வேண்டும். 2006 அக்டோபரில் அன்றைய உள்ளாட்சி அமைச்சர் எலியட் மக்ஆடம் இந்தத் திட்டத்தை அறிவித்தபோது, பல கவுன்சில்கள் கவிழும் நிலையில் இருப்பதாகச் சொன்னதில் உண்மை இருந்தது. சில நூறு பேர் வாழும் ஊரில் கவுன்சிலின் முழு நிர்வாகமும் வெளியூரிலிருந்து வந்த ஒரே ஒரு தலைமை அலுவலரின் கையில் இருக்கும். அவர் நல்லவராக இருந்தால் ஊர் நடக்கும். ராஜினாமா செய்துவிட்டுப் போனால் கணக்குப் புத்தகம் எங்கே என்று தேட வேண்டியதுதான். ஒரே ஆணியில் வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் மாட்டி வைப்பது போன்ற ஏற்பாடு. என் தொழிலில் இப்படி ஒரு சிஸ்டத்தை வடிவமைத்தால் முதல் ஆய்விலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சொந்த வருமானமும் சொற்பம். டெரிட்டரியின் நிலத்தில் ஏறக்குறைய பாதி, 1976-ஆம் ஆண்டு நில உரிமைச் சட்டத்தின்படி பூர்வகுடிகளின் கூட்டுடைமை. வாங்கவோ விற்கவோ முடியாத நிலம் என்பதால் நகரத்தில் போல மதிப்புப் போட்டு வரி வாங்க வழியில்லை. மாட்டுப் பண்ணைகள், சுரங்க உரிமங்கள் மேல் வரி போடலாம், ஆனால் அதற்கு அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். ஆகவே ஒவ்வொரு கவுன்சிலும் மானியத்தை நம்பித்தான் வாழ்ந்தது. ஒவ்வொரு மானியத்துக்கும் தனி விண்ணப்பம், தனி அறிக்கை, தனித் தணிக்கை. இத்தனையையும் அந்த ஒரே அலுவலர்தான் பார்த்தாக வேண்டும்.

சீர்திருத்தம் தேவையாக இருந்தது என்பதில் சந்தேகம் இல்லை. எந்தச் சீர்திருத்தம் என்பதில்தான் சண்டை.

பிழை எங்கே?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 6,500 பேர் ஒரே இடத்தில் வாழும் ஒரு நகரம். தலைக்கு 500 பேர் வீதம் 13 ஊர்கள், ஒன்றுக்கொன்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில். மக்கள்தொகை இரண்டிலும் ஒன்றுதான். நகரத்துக்கு ஒன்றோ இரண்டோ குப்பை லாரி போதும். 13 ஊர்களுக்கு 13 லாரி வேண்டும். 13 குப்பைக் கிடங்கு, 13 பட்டறை, ஒவ்வொன்றிலும் பழுது பார்க்கத் தெரிந்த ஓர் ஆள். 13 ஊர்களையும் ஒரே உள்ளாட்சி என்று அரசிதழில் அறிவித்துவிட்டால் இந்தப் பட்டியலில் ஒரு லாரியாவது குறையுமா? குறையாது.

செலவை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒன்று, தலைமை அலுவலகத்துக்கான செலவு: சம்பளப் பட்டியல், கணக்கு, தணிக்கை, சட்ட ஆலோசனை. இரண்டு, ஒவ்வொரு ஊருக்கும் ஆகும் நிலையான செலவு. அங்கே ஐம்பது பேர் இருந்தாலும் ஐந்நூறு பேர் இருந்தாலும் இது பெரிதாக மாறாது. மூன்று, தூரத்துக்கான செலவு: டீசல், டயர், பயணத்தில் போகும் வேலை நாட்கள். இணைப்பினால் குறைவது முதலாவது மட்டும்தான். இரண்டாவது அப்படியே இருக்கும். மூன்றாவது ஏறும், ஏன் என்றால் முன்பு ஊருக்குள்ளேயே முடிந்த முடிவுகளுக்கு இப்போது யாராவது ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்தாக வேண்டும். பாலைவனத்தில் பெரிய செலவு இரண்டாவதும் மூன்றாவதும்தான்.

கணினித் துறையில் ஒரே நேரத்தில் எத்தனை வேலையை முடிக்க முடியும் என்பது ஒரு பிரச்சினை, ஒரு கேள்விக்குப் பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்பது வேறு பிரச்சினை. முதலாவதற்குப் பெரிய சர்வர் மருந்து. இரண்டாவதற்கு அது மருந்தே இல்லை. பதிலைக் கேட்கிறவருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பதுதான் வழி. பாலைவன ஊர்களின் பிரச்சினை இரண்டாவது வகை. தண்ணீர்க் குழாய் உடைந்தால் எத்தனை நாளில் சரியாகும்? சாலையைச் சமப்படுத்தும் கிரேடரை எடுக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? மக்கள் பட்ட அவதி இதில்தான். ஷைர் சீர்திருத்தம் இரண்டாவது நோய்க்கு முதல் நோயின் மருந்தைக் கொடுத்தது.

ஊர்க் கவுன்சில்களின் வண்டிகள், இயந்திரங்கள் எல்லாம் ஷைரின் சொத்தாக மாறின. ‘எங்கள் லாரி எங்கே போச்சு?’ என்ற கேள்வி பிறகு பல வருஷம் பாலைவனம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. இதை வெறும் உணர்ச்சிவசமான புகார் என்று ஒதுக்க முடியாது. ஊரில் நிற்கும் லாரி இன்று மதியம் கிளம்பும். ஷைரின் லாரிக்கு அனுமதி வந்தாக வேண்டும்.

எதிர்க்க முடிந்தவர்களும் முடியாதவர்களும்

முதல் திட்டத்தில் எட்டு இல்லை, ஒன்பது ஷைர்கள். டார்வின் நகரைச் சுற்றியுள்ள லிட்ச்ஃபீல்ட் போன்ற பகுதிகளையும் இணைத்து ‘டாப் எண்ட்’ ஷைர் அமைப்பதாக இருந்தது. அங்கே வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் பூர்வகுடிகள் அல்லாத, தலைநகருக்குப் பக்கத்திலேயே இருந்த வாக்காளர்கள். கொதித்துப் போராடினார்கள். அரசு அந்த ஒரு ஷைரை மட்டும் கைவிட்டது.

பாலைவனத்தில் அப்படி ஒரு போராட்டத்துக்கு இடமே இருக்கவில்லை. 2007 ஜூன் 21 அன்று ஜான் ஹோவர்டின் மத்திய அரசு, குழந்தைகளைப் பாதுகாப்பதற்காக என்று சொல்லி டெரிட்டரியின் பூர்வகுடி ஊர்களில் ‘அவசரத் தலையீடு’ அறிவித்திருந்தது. மதுவிலக்குப் பலகைகள், உதவித்தொகையில் பாதியைக் கட்டுப்படுத்தும் விதி, ஊர் நிலத்தை அரசு குத்தகைக்கு எடுப்பது, இவையெல்லாம் ஒரே வருடத்தில் வந்து விழுந்தன. அதன் மேலேதான் 2008-இல் ஊர்க் கவுன்சிலும் பறிபோனது. இரண்டையும் செய்தது வேறு வேறு அரசுகள் என்பது நமக்குத் தெரியும். ஊரில் இருந்தவருக்கு இரண்டும் ஒரே கை செய்த வேலையாகத் தெரிந்திருந்தால் அதில் ஆச்சரியம் என்ன?

இணைப்பு அறிவுபூர்வமான கணக்கின்படிதான் நடந்தது என்றால், அதே கணக்கு லிட்ச்ஃபீல்டுக்கும் பொருந்தியிருக்க வேண்டும். உண்மையில் அங்கேதான் அது கூடுதலாகப் பொருந்தும், ஊர்கள் நெருக்கமாக இருக்கும் இடம் அதுதானே.

ஆய்வாளர்கள் சொல்வது

இந்த நிலப்பகுதியைப் பற்றி நல்ல ஆய்வுகள் உண்டு. அதே 2008-இல் சூழலியலாளர் மார்க் ஸ்டாஃபோர்ட் ஸ்மித் ‘பாலைவனக் கூட்டறிகுறி’ என்ற கருத்தை ஒரு கட்டுரையில் முன்வைத்தார். கணிக்க முடியாத மழை, குறைந்த வளம், சிதறிய மக்கள், சந்தையும் அதிகார மையமும் தொலைவில் இருப்பது போன்றவை ஒன்றுக்கொன்று காரணமாகப் பின்னிக் கிடக்கின்றன, ஒன்றை மட்டும் தனியாகப் பிடித்துச் சரிசெய்ய முடியாது என்பது சாரம். பாலைவனத்தைக் குறைபட்ட நகரமாகப் பார்க்காமல் தனக்கென்று ஒரு தர்க்கம் உள்ள இடமாகப் பார்த்ததில் அது முக்கியமான கட்டுரை.

எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. இந்தப் பட்டியலை வரிசையாகப் படிக்கும்போது, அதிகாரம் தொலைவில் இருப்பதும் மழை குறைவாக இருப்பதைப் போல ஓர் இயற்கைக் குணம் என்று தோன்றிவிடுகிறது. மழையை யாரும் மாற்ற முடியாது. கின்டோரின் கிரேடரை யார் ஓட்டச் சொல்வது என்ற அதிகாரம் 530 கிலோமீட்டர் தள்ளிப் போனது சட்டத்தால், ஒரு குறிப்பிட்ட தேதியில். சட்டம் தள்ளி வைத்ததைச் சட்டமே கிட்டே கொண்டுவரவும் முடியும்.

2012-இல் டெசர்ட் நாலெட்ஜ் ஆஸ்திரேலியா அமைப்புக்காக ப்ரூஸ் வாக்கர், டக் போர்ட்டர், இயன் மார்ஷ் மூவரும் எழுதிய ‘ரிமோட்ஃபோகஸ்’ அறிக்கை இன்னும் நேராகப் பேசுகிறது. இந்தத் திட்டம் சரியில்லை, அந்தத் திட்டம் சரியில்லை என்று பேசுவதில் பயனில்லை, தொலைதூரப் பகுதிகளை ஆளும் முறையே பழுது என்கிறது. எனக்கு உடன்பாடுதான். ஆனால் ஆட்சிமுறை என்று பொதுவாகப் பேசிக்கொண்டே போனால், பணம் எந்தச் சூத்திரத்தின்படி வருகிறது என்ற சில்லறைக் கேள்வி பின்னால் போய்விடுகிறது. எனக்கு அந்தச் சில்லறைக் கேள்விதான் முக்கியம்.

மத்திய அரசு உள்ளாட்சிகளுக்குத் தரும் நிதியுதவி 1995-ஆம் ஆண்டின் ஒரு சட்டப்படி நடக்கிறது. சாலைகளுக்கான பங்கு தனி. பொதுச் செலவுக்கான பங்கை மாநிலங்களுக்கிடையே எப்படிப் பிரிக்கிறார்கள் தெரியுமா? தலையை எண்ணி. நாட்டின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வைத்திருக்கும் டெரிட்டரியில் வாழ்வது நாட்டின் மக்களில் சுமார் ஒரு சதவீதம். ஆகவே கிடைப்பதும் சுமார் ஒரு சதவீதம். வேடிக்கை என்னவென்றால், இதே நாட்டில் ஜிஎஸ்டி வருமானத்தை மாநிலங்களுக்குப் பகிரும்போது தொலைவையும் சிதறலையும் கணக்கில் எடுக்கிறார்கள். அதனால் டெரிட்டரிக்குத் தலைக்குச் சராசரியைப் போல நான்கு மடங்குக்கும் மேல் கிடைக்கிறது. தூரத்துக்கு விலை உண்டு என்று மத்திய அரசுக்கு நன்றாகவே தெரியும் என்று அர்த்தம். ஆனால் அந்தப் பணம் டார்வினில் உள்ள அரசின் பொதுக் கணக்குக்குப் போகிறது. பாலைவனத்தில்தான் செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. உள்ளாட்சிக்கென்று நேராக ஒதுக்கும் பணத்திலோ தூரத்தை மறந்துவிடுகிறார்கள்.

ஊரிலிருந்து கிளம்பியவை

சரி, வேறு எப்படித்தான் செய்வது? அந்தப் பாலைவனத்திலேயே பதில்கள் இருக்கின்றன.

கின்டோரில் சிறுநீரகம் பழுதானவர்கள் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்ய ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குக் குடிபெயர வேண்டியிருந்தது. போனவர்கள் பெரும்பாலும் திரும்பவில்லை. பெரியவர்கள் போய்விட்டால் சடங்கும் கதையும் போய்விடும். அரசிடம் கேட்டால் இவ்வளவு சின்ன ஊருக்கு இயந்திரம் கட்டுப்படியாகாது என்ற அதே கணக்குதான் பதிலாக வரும். 2000-ஆம் ஆண்டு பப்புன்யா டூலா ஓவியர்கள் படம் வரைந்து சிட்னியில் ஏலம் விட்டார்கள். பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் சேர்ந்தது. 2004-இல் கின்டோரிலேயே டயாலிசிஸ் தொடங்கியது. பர்ப்பிள் ஹவுஸ் என்று இன்று அழைக்கப்படும் அமைப்பு அப்படிப் பிறந்ததுதான். தொலைதூர டயாலிசிஸுக்கென்று மெடிகேர் காப்பீட்டில் தனிக் கட்டணம் வந்தது 2018-இல். அதாவது ஊர் செய்து காட்டி, அரசின் சூத்திரம் மாறப் பதினாலு வருஷம் ஆனது.

யுவெண்டுமு ஊரில் 1990-களின் தொடக்கத்தில் வார்ல்பிரி மூதாட்டிகள் இரவு ரோந்து போக ஆரம்பித்தார்கள். குடித்துவிட்டுத் தகராறு செய்பவர் யாருடைய மகன், யார் சொன்னால் கேட்பார் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களுடைய அதிகாரம் அந்த உறவுமுறையிலிருந்து வந்தது. 2008-க்குப் பிறகு இரவு ரோந்து ஷைர்கள் நடத்தும் சேவையானது. சம்பளம், சீருடை, வண்டி எல்லாம் ஒழுங்காக வந்தன, அது நல்லதுதான். ஆனால் எந்த நேரத்தில் எங்கே போவது, யாரை வேலைக்கு வைப்பது என்பது மானிய ஒப்பந்தத்தின் விதியாகிவிட்டது. பாட்டி சொன்னால் கேட்பவன் படிவம் சொன்னால் கேட்பானா?

யுடோபியா என்ற பகுதியில் மக்கள் ஒரே ஊராகக் குவியாமல், தங்கள் முன்னோரின் நிலத்தில் சிறு சிறு குடியிருப்புகளாகப் பிரிந்து வாழ்கிறார்கள். கெவின் ரவ்லி, கெரின் ஓடே முதலானோர் அங்குள்ளவர்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2008-இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் எழுதினார்கள். டெரிட்டரியின் பூர்வகுடிகளிடம் எதிர்பார்க்கப்படும் அளவைவிட இங்கே இறப்பும் இதய நோயும் குறைவு. நடமாட்டம், வேட்டை உணவு, மது எளிதில் கிடைக்காமை, மக்களே நடத்தும் மருத்துவ சேவை, தங்கள் வாழ்க்கை தங்கள் கையில் இருக்கிறது என்ற உணர்வு ஆகியவற்றைக் காரணங்களாகச் சொன்னார்கள். அடுத்த வருடமே, 2009-இல், டெரிட்டரி அரசு இருபது ‘வளர்ச்சி நகரங்களை’ தேர்ந்தெடுத்து முதலீட்டை அங்கே குவிக்கும் கொள்கையை அறிவித்தது. யுடோபியா போன்ற சிதறிய குடியிருப்புகள் வரிசையில் பின்னால் தள்ளப்பட்டன. இந்த ஆய்வின்படி பார்த்தால் சிதறி வாழ்வதால் மருத்துவமனைச் செலவு மிச்சமாகியிருக்கிறது. குப்பை லாரிச் செலவு ஷைரின் புத்தகத்தில் தெரியும். மிச்சமான மருத்துவமனைச் செலவு எந்தப் புத்தகத்திலும் வராது.

சின்னது எல்லாம் அழகில்லை

இதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் பழையபடி ஊரிடமே கொடுத்துவிட்டால் போதும் என்று யாராவது கிளம்பினால் அதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சின்ன ஊரில் ஒரு குடும்பம் மொத்தக் கவுன்சிலையும் பிடித்துக்கொள்வது எளிது. எதிர்க் குடும்பத்தின் தெருவுக்கு மட்டும் லாரி வராது.

பக்கத்து மாநிலமான சவுத் ஆஸ்திரேலியாவில் வேறு மாதிரி ஏற்பாடு இருக்கிறது. மாநில நிலப்பரப்பில் அறுபது சதவீதத்துக்கு மேல் எந்தக் கவுன்சிலின் கீழும் வராது. 2010 முதல் அவுட்பேக் கம்யூனிட்டீஸ் அதாரிட்டி என்ற அமைப்பு மேலிருந்து பணமும் நிர்வாகத் துணையும் தருகிறது. ஊரில் தன்னார்வலர் சங்கங்கள் வேலையைப் பார்க்கின்றன. வேலை ஊரில், கணக்கு மையத்தில் என்ற பிரிவினை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதாரிட்டியின் உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறார்கள், மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. தன்னார்வலர்களுக்கும் வயதாகிறது. இதை அப்படியே பெயர்த்து எடுத்து நட முடியாது.

என் வாதம் இவ்வளவுதான். சம்பளப் பட்டியல், தணிக்கை, டீசல் ஒப்பந்தம், சட்ட வேலை, இவற்றை இணையுங்கள். பத்து ஷைருக்குச் சேர்த்து ஒரே அலுவலகம் போட்டாலும் தப்பில்லை, குடும்ப ஆதிக்கத்துக்கும் அந்தத் தணிக்கை ஒரு கடிவாளம். எந்தச் சாலையை முதலில் சரிசெய்வது, ரோந்துக்கு யார் போவது, லாரிச் சாவி யாரிடம் இருப்பது, இவற்றை ஊரிலேயே விடுங்கள். 2008 சீர்திருத்தம் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு அனுப்பியது.

பிறகு அரசுக்கே இது உறைத்தது. 2012 தேர்தலில் தொலைதூரத் தொகுதிகள் ஆளும் லேபர் கட்சியைக் கைவிட்டன. ஷைர்கள் மேலிருந்த கசப்பு அதற்கு ஒரு காரணமாகப் பேசப்பட்டது. 2014-இல் ஷைர் என்ற பெயரே போய் ‘பிராந்தியக் கவுன்சில்’ ஆனது. விக்டோரியா டேலியிலிருந்து வெஸ்ட் டேலி தனியாகப் பிரிந்தது. ஊர்தோறும் ‘உள்ளூர் அதிகார அமைப்பு’ என்று ஒன்று வந்தது. பெயரில்தான் அதிகாரம். பெரும்பாலும் ஆலோசனை சொல்லலாம், சிறு திட்ட நிதி ஒன்றை எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்யலாம். எடுத்ததில் கால்வாசியைத் திருப்பிக் கொடுத்தது போல.

இந்த அமைப்பு வேலை செய்கிறதா இல்லையா என்று தெரிய ஆளுக்கு எவ்வளவு செலவானது என்று பார்ப்பதை நிறுத்த வேண்டும். கின்டோரில் ஒரு குழாய் உடைந்தால் சரியாக எத்தனை நாள் ஆகிறது? 2007-இல் எத்தனை நாள், 2009-இல் எத்தனை, இன்று எத்தனை? ஒவ்வொரு ஊருக்கும் இந்த ஓர் எண்ணை வருடா வருடம் வெளியிட்டால் போதும். இணைப்பு நல்லதா கெட்டதா என்று நானும் நீங்களும் வாதாட வேண்டிய அவசியமே இருக்காது.